ஒளிர் உணரி செய்யத் தொடங்குபவர்களுக்கு: சிறுநீர் ஆல்புமினை முன்வைத்து ஒரு வழிகாட்டி

குவெட்டில், அதாவது ஒளியை அளக்கப் பயன்படும் சிறிய தெளிந்த குப்பியில், பி.எச். மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலும் மிகக் கொஞ்சம் சாயமும் இருக்கின்றன. புற ஊதா விளக்கைக் காட்டினாலும் இருட்டாகத்தான் தெரிகிறது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் பச்சை ஒளி இழை இழையாக இறங்கி, ஒரு குலுக்கலில் குவெட் முழுவதும் நிறைந்துவிடுகிறது. இதை முதன்முதலாகப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பலரையும் உள்ளே இழுத்து வருவது இந்தக் காட்சிதான். ஆனால் அந்த ஒளிக்கும், ஒருவருடைய சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியிருக்கிறதா என்று சொல்லும் எண்ணுக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. அதை எந்த வரிசையில் கடப்பது என்பதைப் புதிதாக ஆய்வகத்துக்குள் வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்பதற்காகச் சிறுநீரில் கசியும் ஆல்புமினை எடுத்துக்கொள்கிறேன். குளுக்கோஸ், நொதிகள், நுண் ஆர்.என்.ஏ. என்று எதை அளக்கப்போனாலும் வரிசை ஏறத்தாழ இதேதான்.

தொடங்கும் முன் சில சொற்கள்

சில மூலக்கூறுகள் ஓர் அலைநீளத்தில் ஒளியை உட்கவர்ந்து, சில நேனோ நொடிகளுக்குள் அதைவிட நீண்ட அலைநீளத்தில் உமிழ்கின்றன. இதுதான் ஒளிர்வு. பேச்சில் ஃபுளோரசன்ஸ் என்றே சொல்வோம். உள்ளே போகும் ஒளி நீலம் என்றால் வெளியே வருவது பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். 1852-இல் இதை விளக்கி எழுதி, ஃபுளோரசன்ஸ் என்ற பெயரையும் வைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். இரண்டு அலைநீளங்களுக்கும் உள்ள இடைவெளியை ஸ்டோக்ஸ் நகர்வு என்கிறோம். உணரி செய்பவருக்கு இந்த இடைவெளிதான் பிழைப்பு. நாம் அனுப்பிய ஒளியை விலக்கிவிட்டு, மூலக்கூறு உமிழ்ந்ததை மட்டும் எண்ண முடிகிறது. இருட்டான பின்னணியில் சின்ன வெளிச்சத்தைத் தேடுகிறோம் என்பதால்தான் நிறமாற்றத்தை அளக்கும் முறைகளைவிட இது மிகக் குறைந்த செறிவுகளை எட்டுகிறது.

பயோமார்க்கர் என்பது நோயையோ நோயின் போக்கையோ சுட்டும், அளக்கக்கூடிய அடையாளம். நமக்கு அது ஒரு மூலக்கூறு. உணரி என்பது அந்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் பகுதியும், பிடித்ததை ஒளியாகக் காட்டும் பகுதியும் சேர்ந்த அமைப்பு. இந்த இரண்டையும் எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் வேதியியல் இருக்கிறது.

படி 1: நோயின் எண்ணை முதலில் எழுதிவையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சாயத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆய்வகத்தில் ஏற்கெனவே அழகாக ஒளிரும் ஒரு சாயம் இருக்கும். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தேடுவார்கள். நான் இதை எதிர்த்திசையில் செய்யச் சொல்கிறேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு விவரங்களை எழுதுங்கள். அளக்கப்போகும் மூலக்கூறு எந்த உடல் திரவத்தில் இருக்கிறது, நலமாக இருப்பவரிடம் எவ்வளவு, நோயாளியிடம் எவ்வளவு, மருத்துவர் முடிவெடுக்கும் எல்லைக்கோடு எது.

ஆல்புமினுக்கு இதை எழுதிப் பார்ப்போம். ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை ஆல்புமின் இருக்கிறது. நலமான சிறுநீரகம் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்து வைத்துக்கொள்கிறது. வடிகட்டி பழுதாகும்போது ஆல்புமின் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவு அது) 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் இயல்பு அல்லது லேசான உயர்வு. 30 முதல் 300 வரை மிதமான உயர்வு. 300-ஐத் தாண்டினால் கடுமையான உயர்வு. நீரிழிவாலும் ரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறவர்களிடம், வேறு அறிகுறி எதுவும் தலைகாட்டாத காலத்திலேயே இந்த எண் ஏறத் தொடங்குவது உண்டு. அதனால்தான் 30-ஐச் சுற்றியுள்ள பகுதி இவ்வளவு முக்கியமாகிறது.

இப்போது அதை வேதியியலின் அலகுக்கு மாற்றுங்கள். மனித ஆல்புமினின் மூலக்கூறு எடை சுமார் 66,500. ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ ஒரு கிராம் கிரியேட்டினின் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 0.45 மைக்ரோமோலார்; 300 மில்லிகிராம் என்றால் 4.5 மைக்ரோமோலார். உங்கள் உணரி வேலை செய்யவேண்டிய இடம் இதுதான். ஆல்புமினை 1 நேனோமோலார் வரை பிடிக்கிறேன் என்று சொல்லி, 0.3 மைக்ரோமோலாரிலேயே நிறைவுற்றுப்போகும் உணரி, நீர்க்காமல் விட்ட சிறுநீரில் எல்லைக்கோட்டையே காணாது. அளவுக்கு மிஞ்சிய நுட்பம் உதவாமல் போகும் இடங்களும் உண்டு.

இந்த முதல் பக்கத்தை எழுதும்போதே சில திட்டங்கள் கைவிடப்படும். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பிளாஸ்மாவில் அது 15 மைக்ரோமோலாரைத் தாண்டினால் அதிகம் என்கிறார்கள். அதே பிளாஸ்மாவில், ஒரே ஒரு கார்பன் குறைவான அதன் உறவினரான சிஸ்டைன் 200 மைக்ரோமோலாருக்கும் மேலே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஹோமோசிஸ்டைனின் பெரும்பகுதி புரதங்களோடு கந்தகப் பிணைப்பில் ஒட்டிக் கிடக்கிறது. கந்தக–ஹைட்ரஜன் தொகுதியோடு வினைபுரியும் ஒரு சாயத்தை வைத்து இதைப் பிரித்து அளக்க முடியுமா என்ற கேள்வியை, ஆறு மாதம் தொகுப்பு வேலை செய்த பிறகு கேட்பதைவிட முதல் நாளே கேட்பது நல்லது.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: இந்த எண் தனியாக நிற்கிறதா, துணை வேண்டுமா? ஒருவர் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்து, ஆல்புமின் செறிவும் குறைந்து தெரியும். அதனால்தான் கிரியேட்டினினோடு விகிதமாகச் சொல்கிறார்கள். ஆகவே ஆல்புமின் உணரி மட்டும் இருந்தால் வேலை பாதிதான். கிரியேட்டினினையும் ஏதாவது ஒரு வழியில் அளந்தாகவேண்டும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த்தொற்று ஆகியவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் அந்த உயர்வு நீடிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

படி 2: எது பிடிக்கும், எது ஒளிரும்

பிடிக்கும் பகுதிக்குப் பல தேர்வுகள் இருக்கின்றன. புரதங்களுக்கு எதிர்ப்பொருள்கள் இன்றும் முதல் தேர்வு. பிடிமானம் வலுவானது, ஆனால் விலையும் சேமிப்பும் சுமை. ஆப்டமர்கள் குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும்படி தேர்ந்தெடுத்த டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. துண்டுகள், 1990-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்தத் தேர்வு முறையை வெளியிட்டன. நொதிகளை அளக்க அந்த நொதி வெட்டக்கூடிய பிணைப்பைச் சாயத்தோடு கோக்கலாம். வெட்டுப்பட்டதும் சாயம் விடுபட்டு ஒளிரும். குளுக்கோஸைப் போரானிக் அமிலம் பிடிக்கும். ஆல்புமினுக்கோ இயற்கையே பைகளைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. கொழுப்பு அமிலங்களையும் மருந்துகளையும் சுமந்து செல்லும் புரதம் அது. நீரை விலக்கும் அதன் உட்குழிவுகளில் சின்னச் சாய மூலக்கூறு தானாகவே போய் அமரும்.

ஒளியை மாற்றும் வழிகளில் மூன்றை மட்டும் முதலில் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மற்றவை தேவைப்படும்போது வரும்.

முதலாவது, ஒளி தூண்டும் எலக்ட்ரான் மாற்றம். சாயத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) தன் எலக்ட்ரானைக் கொடுத்து ஒளிர்வை அணைத்துவைத்திருக்கும். இலக்கு வந்து பிணைந்ததும் அந்த எலக்ட்ரான் கைக்கு எட்டாமல் போகும், விளக்கு எரியும். இலங்கையில் பிறந்த வேதியியலாளர் பிரசன்ன டி சில்வா இந்த வடிவமைப்பைச் செப்பமாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். இந்த வகைச் சோடிய உணரிகள் ரத்தத்தில் மின்பகுளிகளை அளக்கும் கருவிகளுக்குள் போய்ச் சேர்ந்தன. 2018-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற, தோலுக்கடியில் பொருத்தும் எவர்சென்ஸ் குளுக்கோஸ் உணரியும் போரானிக் அமிலம் கோத்த ஒளிரும் பலபடியால் வேலை செய்கிறது. குவெட்டில் தொடங்கிய வேதியியல் மனித உடல்வரை போயிருக்கிறது என்பதைப் புதியவர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, இரு சாயங்களுக்கிடையே ஆற்றல் தாவுதல். 1948-இல் தியோடர் ஃபூர்ஸ்டர் இதன் கணக்கை எழுதினார். தாவும் திறன் தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து வீழ்கிறது. பொதுவாக 10 நேனோமீட்டருக்கு அப்பால் ஒன்றும் மிஞ்சாது. கொண்டைஊசிபோல் மடிந்த டி.என்.ஏ. இழையின் ஒரு முனையில் சாயம், மறு முனையில் அணைப்பான் வைத்து, இலக்கு இழை வந்ததும் விரிந்து ஒளிரச் செய்யும் மூலக்கூறு விளக்குகளை 1996-இல் தியாகியும் கிரேமரும் வெளியிட்டார்கள். அங்கே விளக்கை ஏற்றுவது தூரம்தான்: மடிந்திருக்கும்போது அணைப்பான் ஒட்டினாற்போல் இருக்கிறது, விரிந்ததும் விலகிவிடுகிறது.

மூன்றாவது, நம் எடுத்துக்காட்டுக்கு உரியது. சில சாயங்களில் எலக்ட்ரான் தரும் பகுதியும் வாங்கும் பகுதியும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கும். நீரில் அந்தப் பிணைப்பு முறுக்கிக்கொண்டு ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடும், ஒளி வராது. ஆல்புமினின் குழிவுக்குள் இடம் நெருக்கடி, நீரும் இல்லை. முறுக்க முடியாத சாயம் ஒளிர்ந்தே ஆகவேண்டும்.

இந்த மூன்றாவது வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. சாயத்துக்குத் தெரிவது நெருக்கமும் நீரின்மையும் மட்டுமே. ஆல்புமினின் பெயர் அதற்குத் தெரியாது. சோப்பு மூலக்கூறுகள் திரண்டு உருவாகும் மைசெல்களும் கொழுப்புத் துளிகளும்கூட அதற்குப் போதும். நான் தொடங்கிய காலத்தில் மூன்று வாரம் பிளாங்க் அளவு, அதாவது ஆல்புமின் சேர்க்காத கரைசலின் அளவு, காரணமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாயம் சிதைகிறது என்று நினைத்து இரண்டு முறை புதிதாகச் செய்தேன். கடைசியில் பார்த்தால், குவெட்டைச் சோப்புக் கரைசலில் கழுவி அவசரமாக அலசியிருக்கிறோம். அன்றிலிருந்து குவெட்டுக்குச் சோப்பு கிடையாது: எத்தனால், பிறகு தாராளமாகத் தூய நீர், கறை விடாவிட்டால் நீர்த்த நைட்ரிக் அமிலம்.

படி 3: சாயத்தோடு மட்டும் ஒரு வாரம்

இலக்கைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, சாயத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். 2 மில்லிமோலார் தாய்க் கரைசலை டைமெத்தில் சல்பாக்சைடில் செய்து, சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, ஒளி படாமல் உறையவையுங்கள். 3 மில்லிலிட்டர் தாங்கல் கரைசலில் 7.5 மைக்ரோலிட்டர் விட்டால் 5 மைக்ரோமோலார் கிடைக்கும்; கரைப்பான் 0.25 சதவீதம் மட்டுமே இருக்கும். எல்லாக் கரைசல்களிலும் இந்தச் சதவீதம் மாறக்கூடாது.

முதலில் உட்கவர் நிறமாலை. ஒளியூட்டும் அலைநீளத்தில் உட்கவர்தல் 0.1-க்கு மேல் போகவேண்டாம். மோலார் உட்கவர் கெழு 20,000 உள்ள சாயம், 1 சென்டிமீட்டர் குவெட்டில், 5 மைக்ரோமோலாரிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதைத் தாண்டினால் குவெட்டின் முன்பகுதியில் இருக்கும் மூலக்கூறுகளே ஒளியைத் தின்றுவிடும். நடுவில் இருப்பவற்றுக்குக் கிடைக்காது. சாயத்தை இரட்டிப்பாக்கினால் ஒளியும் இரட்டிப்பாகும் என்ற கணக்கு அங்கே உடைகிறது. இதை உள்வடிகட்டல் விளைவு என்கிறோம். எளிய சோதனை: கரைசலைப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். ஒளிர்வு பாதியாகக் குறையாவிட்டால் செறிவு அதிகம்.

அடுத்து உமிழ்வு நிறமாலை. சாயமே இல்லாத தாங்கல் கரைசலை முதலில் ஓட்டுங்கள். அதிலும் ஒரு சிகரம் தெரியும், பயப்படவேண்டாம். நீரின் ராமன் சிதறல் அது. ஒளியூட்டும் ஆற்றலிலிருந்து ஏறத்தாழ 3,400 அலையெண் குறைந்த இடத்தில் நிற்கும். 350 நேனோமீட்டரில் ஒளியூட்டினால் 397-லும், 490-இல் ஊட்டினால் 588-லும் வரும். அலைநீளத்தை மாற்றினால் கூடவே நகரும். உண்மையான ஒளிர்வுச் சிகரம் இருந்த இடத்திலேயே இருக்கும். 350-இல் ஊட்டும்போது 700-இல் தெரியும் கூர்மையான சிகரமும் போலிதான். கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை அது. இந்த இரண்டையும் தங்கள் சாயத்தின் ஒளி என்று நம்பி வரைபடம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பி.எச். 4 முதல் 9 வரை பத்துக் கரைசல்கள். ஃபுளோரசீன்போல, நடுநிலைக்குச் சற்றுக் கீழே புரோட்டான் ஏற்று மங்கும் சாயமாக இருந்தால் சிறுநீரில் தொல்லைதான், சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை எங்கும் இருக்கலாம். வெப்பநிலையையும் பிடித்துவையுங்கள். ரோடமின் பி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மங்கும். விளக்கைப் போட்டு அரைமணி நேரம் கழித்தே அளவெடுங்கள். கருவி தரும் எண்ணுக்கு நிலையான அலகு கிடையாது என்பதால், கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்பேட் போன்ற ஒரு நிலைக் கரைசலைத் தினமும் காலையில் அளந்து குறித்துவைத்தால், கருவி மங்கிய நாளும் சாயம் மங்கிய நாளும் தனித்தனியாகத் தெரியும்.

படி 4: இலக்கைச் சேர்த்து முதல் வளைகோடு

100 மைக்ரோமோலார் ஆல்புமின் கரைசலிலிருந்து 3 மைக்ரோலிட்டர் எடுத்து 3 மில்லிலிட்டரில் விட்டால் 0.1 மைக்ரோமோலார். இப்படிப் படிப்படியாக ஏற்றுங்கள். மொத்தம் சேர்த்த கன அளவு ஓரிரு சதவீதத்தைத் தாண்டவேண்டாம். நுரை வரும்படி குலுக்கக்கூடாது. ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் அளவு நிலைக்கும்வரை காத்திருங்கள்; அந்த நேரம் எவ்வளவு என்பதைத் தனியாக ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாயம் ஆல்புமினைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும்வரை ஒளி ஆல்புமினோடு நேர்கோட்டில் ஏறும். ஆல்புமின் சாயத்தை நெருங்கும்போது கோடு வளையும். உங்களுக்கு வேண்டியது அந்த நேர்கோட்டுப் பகுதி. முதல் பக்கத்தில் எழுதிய எல்லைக்கோடு அதற்குள் விழவேண்டும். விழாவிட்டால் சாயத்தின் செறிவை மாற்றலாம், அல்லது மாதிரியை நீர்க்கலாம்.

எந்த ஆல்புமினை வாங்கினீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கொழுப்பு அமிலம் நீக்கியதும் நீக்காததும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. குழிவுகளில் ஏற்கெனவே ஆள் இருந்தால் சாயத்துக்கு இடம் குறையும். விலை மலிவு என்று மாட்டு ஆல்புமினில் வளைகோடு போட்டு மனித ஆல்புமினுக்குப் பயன்படுத்துவதும் தவறு. இரண்டின் அமைப்பும் நெருக்கமானவைதான், ஆனால் பல சாயங்கள் இவற்றில் வெவ்வேறு அளவு ஒளிர்கின்றன.

குறைந்த செறிவில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும். வழக்கமாக இதைத் தடுக்க மாட்டு ஆல்புமினையோ ட்வீன் என்ற சோப்புப் போன்ற பொருளையோ சேர்ப்பார்கள். நம் உணரியில் முதலாவது தானே ஒளியேற்றும், இரண்டாவது மைசெல்லாகி ஒளியேற்றும். ஆகவே புரதம் ஒட்டாத குழாய்களை வாங்கி, நீர்த்த உடனே அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நுண்குழித் தட்டில் அளப்பதானால் கறுப்புத் தட்டு. தெளிந்த தட்டில் பக்கத்துக் குழியின் ஒளியும் சேர்ந்துவரும்.

படி 5: பிற பொருள்கள்

சிறுநீரில் உள்ளவற்றை ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அது சிறுநீரில் இருக்கும் செறிவிலேயே சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே 10 மைக்ரோமோலாரில் சோதித்துச் சீரான பட்டை வரைபடம் போடுவது பார்க்க அழகாக இருக்கும், பயன் இல்லை. யூரியா நூற்றுக்கணக்கான மில்லிமோலாரில் இருக்கிறது, கிரியேட்டினின் சில மில்லிமோலாரில். நலமானவர் சிறுநீரில் மிகுதியாக இருக்கும் புரதமான யூரோமாடுலினை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை சோதிக்கவேண்டும்: ஆல்புமின் இல்லாமல் ஒரு முறை, எல்லைக்கோட்டு அளவு ஆல்புமினோடு ஒரு முறை. முதலாவது பொய்யாக ஏறுவதைக் காட்டும். இரண்டாவது பொய்யாக இறங்குவதைக் காட்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் ஆல்புமினின் முதல் மருந்துப் பையில் அமரும், வலி நீக்கும் ஐபுபுரூஃபென் இரண்டாவதில். உங்கள் சாயமும் அதே பையில் அமர்வதாக இருந்தால், மருந்து அதைத் தள்ளிவிடும், ஒளி குறையும். உண்மையில் ஆல்புமின் கசியும் ஒருவருக்கு எண் இயல்பாக வந்துவிடும். சிறுநீரக நோயாளிகள் பல மருந்துகளை எடுப்பவர்கள். எந்தப் பையில் உங்கள் சாயம் அமர்கிறது என்பதை இந்த மருந்துகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரே சோதனையில் இரண்டு விடை.

படி 6: உண்மையான மாதிரி

இங்கேதான் நேரத்தைச் செலவிடுங்கள். தாங்கல் கரைசலில் நூறு மடங்கு ஒளிர்ந்த உணரிகள் சிறுநீரில் மூன்று மடங்குகூட ஒளிராமல் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு திட்டம் உருப்படுமா என்பது இந்தப் படியில் தெரிந்துவிடும் என்பதால், சாயம் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு முறை சிறுநீரில் முயன்று பார்க்கச் சொல்வேன். எல்லாவற்றையும் சீர்செய்த பிறகு கடைசியில் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு முன், அனுமதி. மனித மாதிரி எதுவானாலும், அது நண்பரின் சிறுநீரே ஆனாலும், உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடுப்பவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கடையில் வாங்கும் செயற்கைச் சிறுநீர் பழகிப் பார்ப்பதற்கு நல்லது. அதில் கிடைத்த முடிவை நோயாளியின் மாதிரியில் கிடைத்ததாக எழுத முடியாது.

சிறுநீரே ஒளிரும். வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவின் 450 நேனோமீட்டரை ஒட்டி ஒளியை வாங்கி 525-ஐ ஒட்டிப் பச்சையாக உமிழும். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீரைப் புற ஊதாவில் காட்டினால் உங்கள் உணரியே தேவையில்லை. தானே பளிச்சென்று தெரியும். இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நீர்த்தல். 10 மடங்கு நீர்த்தால் பின்னணி குறையும், பி.எச். தாங்கல் கரைசலின் கட்டுக்குள் வரும், உப்பும் கட்டுப்படும். ஆனால் எல்லைக்கோட்டு ஆல்புமினும் 0.45-இலிருந்து 0.045 மைக்ரோமோலாருக்கு இறங்கிவிடும். அதை உங்கள் உணரி பிளாங்கிலிருந்து தெளிவாகப் பிரிக்குமா? பிரித்தால் நீர்த்தலைப்போல் நல்ல வழி இல்லை. முன்னே சொன்ன நுட்பம் உண்மையில் உதவும் இடம் இது.

இரண்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் சொந்தப் பிளாங்க். அதே சிறுநீரைச் சாயம் சேர்க்காமல் அளந்து கழியுங்கள். அளவீடு இரட்டிப்பாகும், மறுக்காமல் செய்யுங்கள்.

மூன்று, சிவப்பு நோக்கி நகர்தல். 650 நேனோமீட்டருக்கு மேலே உமிழும் சாயத்துக்கு உடல் திரவங்களின் இடைஞ்சல் மிகக் குறைவு. ரத்தத்தில் வேலை என்றால் இது கிட்டத்தட்டக் கட்டாயம். ஹீமோகுளோபின் 415, 540, 577 நேனோமீட்டர்களில் ஒளியை விழுங்கும். நான்கு, நேரத்தால் பிரித்தல். உடல் திரவங்களின் ஒளி நேனோ நொடிகளில் அணையும். யூரோப்பியம் சேர்மங்களின் 615 நேனோமீட்டர்ச் சிவப்பு நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடிகள் நிற்கும். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்தால் அது மட்டும் தெரியும்.

வாய்ப்பிருந்தால் இரண்டு அலைநீளங்களின் விகிதத்தை அளக்கும் சாயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரோஜர் சியனின் குழு 1985-இல் வெளியிட்ட ஃபுரா-2 என்ற கால்சிய உணரி இதற்கு முன்மாதிரி: 340-லும் 380-லும் மாறி மாறி ஒளியூட்டி 510-ஐ ஒட்டி அளப்பார்கள். சாயம் கூடினாலும் விளக்கு மங்கினாலும் விகிதம் பெரிதும் அசையாது.

மாதிரியைச் சேமிப்பதிலும் கவனம். 20 டிகிரி பூச்சியத்துக்குக் கீழே உறையவைத்த சிறுநீரில் ஆல்புமினின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. 70 அல்லது 80 டிகிரி கீழே வைப்பதே பாதுகாப்பு. உருகியதும் அடியில் வண்டல் இருந்தால், அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நன்றாகக் கலக்கிய பிறகே எடுங்கள்.

பிறகு, தெரிந்த அளவு ஆல்புமினை மாதிரியில் சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வந்தால் பொதுவாக ஏற்கிறார்கள். ஐந்தாறு வெவ்வேறு நபர்களின் சிறுநீரில் செய்யுங்கள். ஒரே நபரின் சிறுநீரில் பத்து முறை செய்தால் கிடைப்பது உங்கள் கைத்திறனைப் பற்றிய தகவல் மட்டுமே.

படி 7: கண்டறியும் எல்லை

பிளாங்கைக் குறைந்தது 10 முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரித்து அளந்து, திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, நேர்கோட்டின் சாய்வால் வகுப்பார்கள். ஒரே குவெட்டை நகர்த்தாமல் 10 முறை அளந்தால் விலக்கம் கருவியுடையது. பிப்பெட் பிழை அதில் இல்லை. எல்லை பொய்யாகக் கீழே போய்விடும். மருத்துவ ஆய்வகங்கள் இன்னொரு வழியையும் சேர்க்கின்றன: பிளாங்கின் சராசரியோடு 1.645 மடங்கு விலக்கம், அதற்கு மேல், குறைந்த செறிவு மாதிரியின் விலக்கத்தை மறுபடியும் 1.645 மடங்கு. எந்தக் கணக்கானாலும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கணக்கு சொன்ன அந்தச் செறிவில் உண்மையாகவே ஒரு கரைசல் செய்து, சிறுநீரில், அளந்து பாருங்கள். பிளாங்கிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

படி 8: நிலையான முறையோடு ஒப்பீடு

மருத்துவ ஆய்வகங்கள் சிறுநீர் ஆல்புமினைப் பெரும்பாலும் எதிர்ப்பொருளால் கலங்கலாக்கி அளக்கின்றன. அதே மாதிரிகளை அங்கேயும் இங்கேயும் அளக்கவேண்டும். மாதிரிகளுக்குக் குறியீட்டு எண் போட்டு, உங்கள் அளவுகளை எழுதி முடிக்கும்வரை அவர்களுடைய முடிவைப் பார்க்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்பவர் கையும் தெரிந்த விடையை நோக்கிச் சாயும்.

ஒப்பிடும்போது ஒட்டுறவுக் கெழு 0.99 வந்ததும் மகிழ்ந்து நிறுத்திவிடவேண்டாம். உங்கள் முறை எப்போதும் இரு மடங்காகக் காட்டினாலும் அந்தக் கெழு 0.99 ஆகவே இருக்கும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் விளக்கியதுபோல், இரு முறைகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிராக வரையுங்கள். வேறுபாடு எவ்வளவு, எந்தப் பக்கம், செறிவு ஏற ஏற விரிகிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது 5-ம் 2,000-மாக இரு ஓரங்களில் எடுத்தால் எந்த உணரியும் தேறிவிடும். கிராம் கிரியேட்டினினுக்கு 15 முதல் 60 மில்லிகிராம் வரை உள்ள மாதிரிகளை அதிகமாகச் சேருங்கள். அந்த இடத்தில் உங்கள் சாயம் எத்தனை பேரைத் தவறான பக்கத்தில் நிறுத்துகிறது என்று ஒவ்வொருவராக எண்ணி, அந்த எண்ணிக்கையையும் கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள்.